டைம் ஸோனுக்கு ஒரு வக்கீல்

ஃபேஸ்லெஸ் வாய்ட் என்று சொன்னாலே டோட்டா 2 ஆடுகிறவர்களுக்குக் கண்முன் வருவது ஒரே காட்சிதான். சண்டையின் நடுவே பெரிய குமிழி ஒன்று விரியும். அதற்குள் அகப்பட்ட அத்தனை பேரும் சிலையாக நிற்பார்கள். வாய்ட் மட்டும் உள்ளே சாவகாசமாக நடந்து, யாரைக் கொல்ல வேண்டுமோ அவரை அடித்துத் தீர்ப்பான். இதற்குப் பெயர் க்ரோனோஸ்பியர். ஆடுகிறவர்கள் வாயில் க்ரோனோ. வார்கிராஃப்ட் 3-இன் மேப்பாக டோட்டா இருந்த காலத்திலிருந்தே இந்த ஹீரோவின் அடையாளம் இதுதான். அதனால் 2024 மே மாதம் 7.36 பேட்ச் வந்து ஒவ்வொரு ஹீரோவுக்கும் ‘ஃபேசட்’ என்று மாற்று வடிவங்களைக் கொடுத்தபோது, வாய்டுக்குக் கிடைத்த இரண்டாவது வடிவத்தைப் பெரும்பாலோர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போனார்கள். அதன் பெயர் டைம் ஸோன். இந்தப் பதிவில் நான் அதற்கு வக்கீல்; பேசுவது அந்த 7.36 காலத்து ஆட்டத்தைப் பற்றி.

ஆட்டம் தெரியாமல் இங்கே வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஐந்து பேர், எதிரே ஐந்து பேர். நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஹீரோக்களிலிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, எதிரணியின் கோட்டையை இடிப்பதுதான் வேலை. ஃபேசட் என்பது ஹீரோவை எடுத்தபின், ஆட்டம் தொடங்கும் முன் செய்கிற தேர்வு. ஒரே ஹீரோ, ஆனால் அவனுடைய திறமைகளில் ஒன்று வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒருமுறை எடுத்தால் அந்த ஆட்டம் முழுக்க அதுதான், மாற்ற வழியில்லை. 2016 டிசம்பரில் 7.00 பேட்சோடு வந்த டேலண்ட் மரமும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான். ஆனால் அது ஆட்டத்தின் போக்கில், 10, 15, 20, 25 என்று லெவல் ஏற ஏற, நிலவரத்தைப் பார்த்து எடுப்பது. ஃபேசட்டில் அந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாக இன்னொன்று கிடைக்கிறது. எதிரணி எந்த ஐந்து ஹீரோக்களை எடுத்திருக்கிறது, நம் அணியில் மற்ற நால்வர் யார் என்று முழுக்கத் தெரிந்தபிறகு முடிவு செய்யலாம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் வாதம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

டைம் ஸோன் யாரையும் உறைய வைக்காது. அதன் எல்லைக்குள் இருக்கும் எதிரிகளின் நடை, அடி, திரும்பும் வேகம், மந்திரம் போடும் வேகம், அவர்கள் எறிகிற அம்பு வரைக்கும் எல்லாம் மந்தமாகும். நம் ஆட்களுக்கு இவை எல்லாமே வேகமெடுக்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் க்ரோனோவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சப்பையாகத் தெரிகிறது. அங்கே எதிரி விரலைக்கூட அசைக்க முடியாது, மந்திரத்தைத் தடுக்கும் பிகேபி போட்டிருந்தாலும் தப்ப முடியாது. இங்கே மெதுவாகவாவது நடந்து போய்விடலாம், கையிலிருக்கிற ஸ்பெல்லைப் போட்டுவிடலாம். முழுப் பூட்டு ஒன்றும் அரைப் பூட்டு ஒன்றும் இலவசமாகக் கொடுத்தால் யார் அரைப் பூட்டை எடுப்பார்கள் என்பதுதான் பொதுக் கருத்து. டோட்டாபஃப் போன்ற புள்ளிவிவரத் தளங்களைத் திறந்து வெற்றி விகிதத்தைக் காட்டி, கேஸ் முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

அந்தப் புள்ளிவிவரத்தோடுதான் எனக்குச் சண்டை. எண்கள் பொய் என்று சொல்லவில்லை. நாம் கேட்கிற கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை என்கிறேன். ஒரு ஃபேசட்டின் வெற்றி விகிதம் என்பது எல்லா வகை ஆட்டங்களையும் ஒன்றாகக் கலக்கி எடுத்த சராசரி. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம் (எண்கள் என் கைச்சரக்கு, எந்தத் தளத்திலிருந்தும் எடுத்ததில்லை). நூறு ஆட்டங்களில் எண்பதில் ஒரு வடிவம் பொருந்தாது, அங்கே அதன் வெற்றி 46 சதவீதம். மீதி இருபதில் நன்றாகப் பொருந்தும், அங்கே 56 சதவீதம். எல்லா ஆட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்தால் சராசரி 48 வரும். பக்கத்தில் இருக்கும் பிரபலமான வடிவம் எங்கே போட்டாலும் 50. பட்டியலைப் பார்க்கிறவர் 48-ஐவிட 50 பெரிது என்று முதலாவதைத் தள்ளிவிடுவார். ஆனால் பொருந்துகிற இருபது ஆட்டங்களில் மட்டும் அதை எடுத்து, மற்ற எண்பதில் பிரபலமானதை எடுக்கிறவருக்கு மொத்த வெற்றி 51.2 சதவீதம். பட்டியலில் தோற்ற வடிவம்தான் அவருக்கு அந்த 1.2-ஐக் கொடுத்தது. தேர்வு நம் கையில், அதுவும் பத்து ஹீரோக்களும் தெரிந்தபின், என்று இருக்கும்போது சராசரியைப் பார்த்து என்ன பயன்? பார்க்க வேண்டியது, அது எந்த இருபதில் நன்றாக ஓடும் என்பது. அந்த விவரம் பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்காது.

இன்னும் இரண்டு ஓட்டைகள். அதிகம் பேர் எடுக்காத வடிவத்துக்கு ஆட்ட எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். ஆயிரம் ஆட்டங்களை வைத்துக் கணக்கிட்ட வெற்றி விகிதத்தில், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே மேலும் கீழும் மூன்று சதவீதப் புள்ளிகள் ஆடும். பத்தாயிரம் ஆட்டம் சேர்ந்தால்தான் அந்த ஊசலாட்டம் ஒரு புள்ளிக்கு இறங்கும். 48-க்கும் 50-க்கும் இடையில் ஒரு நாடகமே எழுதுகிறவர்கள் அடியில் ‘மேட்ச்’ என்று இருக்கும் எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டாவது ஓட்டை, யார் எடுக்கிறார்கள் என்பது. க்ரோனோவை எடுப்பவர்களில் பல வருடமாக வாய்ட் ஆடிப் பழகிய கைகள் நிறைய. டைம் ஸோனை எடுப்பவர்களில் சும்மா தொட்டுப் பார்க்க வந்தவர்கள் கணிசம். அவர்கள் அதையும் க்ரோனோ மாதிரியே போடுவார்கள், தனியாகக் குதித்து, ஒருவர் மேல். தோற்பார்கள். அந்தத் தோல்வி வடிவத்தின் கணக்கில் ஏறும். இதற்கு மேல் பேட்ச் வேறு. 7.36 வந்த சூட்டோடு 7.36a, பிறகு b, c என்று ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் எண்களைத் தட்டிக்கொண்டே இருந்தது. முதல் வாரத்தில் ஒன்றை முயன்று கைசுட்டவர், அது பின்னால் மாறியிருக்கிறதா என்று திரும்பி வந்து பார்ப்பது அபூர்வம். ஒரு வடிவத்தின் பெயர் கெடுவதற்கு மூன்று நாள் போதும், அது திரும்ப மூன்று பேட்ச் ஆகும்.

இனி அந்த ‘இருபது’ எது என்று பார்ப்போம். டைம் ஸோனைப் பற்றி விவாதிக்கிறவர்கள் எதிரிக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் பேசுகிறார்கள். நம் ஆட்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் படமே மாறிவிடும். க்ரோனோ எதிரியை மட்டுமல்ல, நம் அணியையும் சேர்த்தே உறைய வைக்கும்; வாய்டுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் க்ரோனோவுக்குள் அடிக்கக்கூடியவர்கள் இரண்டே வகை. ஒன்று வாய்ட், இன்னொன்று வெளியே நின்று தூரத்திலிருந்து அடிக்கிறவர்கள். விட்ச் டாக்டரின் டெத் வார்டும் ஸ்கைரெத்தின் மிஸ்டிக் ஃப்ளேரும் க்ரோனோவோடு எப்போதும் ஜோடியாகப் பேசப்படுவது இதனால்தான். உங்கள் அணியில் உர்ஸாவும் ஸ்லார்க்கும் இருந்தால்? இருவரும் பக்கத்தில் போய்த்தான் அடிக்க வேண்டும். குமிழிக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், அல்லது ஆசைப்பட்டு உள்ளே ஓடி எதிரியோடு எதிரியாக நிற்பார்கள். அந்த அணியில் க்ரோனோ என்பது நாலைந்து வினாடிக்கு ஐந்து பேர் ஆட்டத்தை ஒருவர் ஆட்டமாக்குகிற கருவி. டைம் ஸோனில் அதே உர்ஸா உள்ளே இறங்கி, ஏற்கெனவே பேய்வேகத்தில் அடிக்கிறவன், இன்னும் வேகமாக அடிப்பான்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஹாஸ்டலிலோ, பழனி ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு மாடியிலோ உட்கார்ந்து தனியாக இந்தியா சர்வரில் க்யூ போடுகிறவருக்கு அணியில் வந்து சேரும் மற்ற நால்வர் யார்? ஒருவர் இந்தி, ஒருவர் வங்காளம், ஒருவர் மைக்கையே திறக்காதவர். சிங்கப்பூர் சர்வருக்குப் போனால் தகாலாக்கும் இந்தோனேசிய மொழியும். க்ரோனோ போடுவதற்கு ஒரு வினாடி முன்னால் “உள்ளே வராதே” என்று சொல்ல வேண்டும். அதை எந்த மொழியில் சொல்வீர்கள்? சொல்லி அவர் புரிந்துகொள்வதற்குள் குமிழியே வற்றிவிடும். முன்பின் தெரியாத நால்வரோடு ஆடுகிற பப் ஆட்டங்களில் சொந்த அணியின் ஆட்களையே பிடித்து வைத்த க்ரோனோக்களைப் பார்க்காத டோட்டாக்காரர் இருக்க முடியாது. டைம் ஸோனுக்கு இந்த எச்சரிக்கை வேண்டியதில்லை. நம் ஆள் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும் அவருக்கு லாபம்தான். பேச்சு ஒத்துழைப்பு குறைந்த இடத்தில் தவறுக்கு அபராதம் போடாத திறமைக்கு மதிப்பு கூடும். சாதாரண விஷயம்தான், ஆனால் ஃபேசட்டுகளைத் தரவரிசைப்படுத்துகிற காணொளிகளில் இந்தக் கணக்கு வருவதில்லை. அவற்றைச் செய்கிறவர்கள் ஐந்து பேர் ஒரே மொழியில் பேசி ஆடும் ஆட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

உறைய வைப்பதற்கும் மந்தமாக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஆடுபுலி ஆட்டம் நன்றாகக் காட்டுகிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளிகள். மண்டபத் தரையிலும் பாறையிலும் கீறி வைத்த அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் புதிதாக ஆட வருகிறவர் புலியைத்தான் கேட்பார். தாவலாம், வெட்டலாம், பார்க்க வீரமாக இருக்கிறது. ஆட்டால் யாரையும் கொல்ல முடியாது. புலி நகர முடியாதபடி இடத்தைச் சுருக்கிக்கொண்டே போவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வித்தை. ஆனால் ஆடத் தெரிந்தவர் கையில் ஆடுகள் எவ்வளவு கடுமையானவை என்பது கட்டத்தின் முன் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இதே குடும்பத்தைச் சேர்ந்த நேபாளத்தின் பாக்-சால் ஆட்டத்தை, நான்கு புலி இருபது ஆடு கொண்டதை, யூ ஜின் லிம், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினி வைத்து அலசினார்கள். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் முடிவு டிரா. வெட்டத் தெரிந்த தரப்புக்கும் வழிமறிக்க மட்டுமே தெரிந்த தரப்புக்கும் நடுவே சமநிலை. நம் இருபத்து மூன்று புள்ளிக் கட்டத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் அதிகாரத்தை வைத்து மட்டும் பலத்தை அளந்தால் ஏமாறுவோம் என்பதற்கு அது போதுமான சாட்சி. க்ரோனோ புலி ஜாதி. டைம் ஸோன் ஆட்டு ஜாதி. கூட்டமாக வந்தால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, எல்லாரும் சொல்வது: ஸ்டன் ஸ்டன்தான். பக், வீவர், ஸ்டார்ம் ஸ்பிரிட் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிற ஹீரோக்களை மந்தமாக்கி ஒன்றும் ஆகாது, ஒரு ஸ்பெல் போட்டால் எல்லையைத் தாண்டிவிடுவார்கள். அவர்களுக்கென்றே படைக்கப்பட்டது க்ரோனோ. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எதிரணியில் அப்படி இரண்டு பேர் இருந்தால் டைம் ஸோனை எடுப்பது முட்டாள்தனம். ஆனால் எதிரே ரெய்த் கிங், அண்டையிங், சென்டார் என்று நின்று அடி வாங்கி அடிக்கிற கூட்டம் இருந்தால் கதை வேறு. அவர்கள் ஓடப் போவதில்லை. ஓடாதவரை உறைய வைப்பதில் மிச்சமாகும் லாபம் குறைவு. அவரோடு நடக்கிற நீண்ட மல்லுக்கட்டில் நம் ஐந்து பேருக்கும் வேகம், அவர்கள் ஐவருக்கும் மந்தம் என்பதுதான் பெரிய லாபம். நம் கோட்டை வாசலில் நின்று தடுக்கும்போதும் அப்படியே. அங்கே எதிரி முன்னேறி வந்தே ஆக வேண்டும், எல்லையைவிட்டு அவர் விலகினாலே நமக்கு வெற்றிதான்.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. கோடிக்கணக்கில் பரிசுக்கு ஆடுகிற தொழில்முறை அணிகளுக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியும்? பெரும்பாலும் க்ரோனோ எடுக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா? காரணம் இருக்கிறது, ஆனால் அது அவர்களுடைய காரணம். மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி செய்த ஐவரில் யாரும் தெரியாமல் க்ரோனோவுக்குள் ஓடமாட்டார்கள். க்ரோனோவின் மிகப்பெரிய குறை அவர்களிடம் குறையே அல்ல. அவர்களுடைய தேர்வை அப்படியே எடுத்து நம் ஆட்டத்தில் வைத்தால், விலையை மறந்துவிட்டுப் பொருளை மட்டும் வாங்கிவந்த மாதிரி. தவிர, தொழில்முறை ஆட்டமும் கும்பல் மனப்பான்மையிலிருந்து தப்பியதல்ல. 2019-இல் ஷாங்காயில் நடந்த டோட்டாவின் இன்டர்நேஷனல் போட்டியில் ஓஜி அணியின் ஆனா, எல்லாரும் சப்போர்ட், அதாவது துணை ஹீரோ, என்று மூலையில் வைத்திருந்த ஐஓவை கேரியாக, அதாவது அணியின் முக்கிய அடியாளாக, எடுத்தார். அதற்குத் தேவையான திறமைகள் எல்லாம் எல்லார் கண்முன்னும்தான் கிடந்தன. இறுதியில் லிக்விட் அணியை 3-1 என்று வீழ்த்தி ஓஜி தொடர்ந்து இரண்டாவது முறை பட்டம் வாங்கியது. அதற்கு மூன்று வருடம் முன்பு விங்ஸ் கேமிங், வேறு அணிகள் சீண்டாத ஹீரோக்களைக்கூடத் தயங்காமல் எடுத்து சியாட்டிலில் அதே போட்டியின் கோப்பையை வாங்கியது.

நமக்கு இன்னும் நெருக்கமான சாட்சி வேண்டுமென்றால் சதுரங்கத்துக்குப் போகலாம். 2010 மே மாதம், சோஃபியா. விஸ்வநாதன் ஆனந்துக்கும் டோபலோவுக்கும் உலகப் பட்டப் போட்டி, பதினோரு ஆட்டம் முடிந்து ஐந்தரைக்கு ஐந்தரை. கடைசி ஆட்டம், ஆனந்துக்குக் கறுப்பு. அவர் எடுத்தது குயின்ஸ் கேம்பிட்டில் லாஸ்கர் டிஃபென்ஸ். பாதுகாப்பானது, ஆனால் மந்தமானது, ஜெயிக்க உதவாது என்று பெயரெடுத்த பழைய வழி. எல்லா ஆட்டங்களின் சராசரியை வைத்துப் பார்த்தால் அந்தப் பெயரில் நியாயம் உண்டு. ஆனால் அன்றைய நிலவரம் சராசரி நிலவரம் அல்ல. அந்த ஆட்டம் டிராவானால் அடுத்தது வேகச் சதுரங்கம், அதில் ஆனந்தின் கை ஓங்கியது. டோபலோவுக்குத்தான் அவசரம். அவர் தள்ளிக்கொண்டு வந்தார், தன் ராஜாவின் முன்னாலேயே கதவைத் திறந்துவிட்டார், ஆனந்த் ஜெயித்து பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். லாஸ்கர் டிஃபென்ஸ் சிறந்த வழி என்று இதனால் நிரூபணமாகவில்லை. அந்த எதிராளிக்கு, அந்த ஸ்கோருக்கு, அந்த மதியத்துக்கு அது சரியான வழி. ஃபேசட் தேர்வில் நான் கேட்பதும் இவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: அபூர்வமாக வருவதால்தான் டைம் ஸோன் வேலை செய்கிறது, எதிரி பழகாததால் தடுமாறுகிறான், எல்லாரும் எடுக்க ஆரம்பித்தால் அந்த அனுகூலம் காலி. உண்மை. காலியாகட்டுமே. காலியாகிறவரை அது நம் பக்கத்து வரவு. க்ரோனோவுக்கு எதிராகத் தள்ளித் தள்ளி நிற்பதை ஒவ்வொருவரும் வருடக்கணக்கில் பழகி வைத்திருக்கிறார்கள் என்பதும் க்ரோனோவின் கணக்கில் ஏறியிருக்கும் செலவுதான். அதை மட்டும் யாரும் கழிப்பதில்லை.

இது வாய்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. 7.36-இல் ரெய்த் கிங்குக்கு எலும்புக்கூட்டுப் படையைத் தரும் போன் கார்டு ஒரு பக்கம், ஸ்பெக்ட்ரல் பிளேட் ஒரு பக்கம். எலும்புக்கூடுகள் லேனைத் தள்ளும், டவரை இடிக்கும், பார்க்கவும் கூட்டமாக இருக்கும். ஆனால் எதிரணியில் எர்த்ஷேக்கர் இருந்தால்? அவனுடைய எக்கோ ஸ்லாம், அருகில் எத்தனை உருப்படி நிற்கிறதோ அத்தனை முறை எதிரொலித்து அடிப்பது. உங்கள் எலும்புக்கூடுகள் அவனுக்கு நீங்களே பரிமாறிய விருந்து. ஆக்ஸுக்கு வந்த ஒன் மேன் ஆர்மி, பக்கத்தில் நம் ஆள் யாரும் இல்லாதபோது ஆர்மரை பலமாக மாற்றிக் கொடுத்தது. கால் அவுட்டோ, பெர்சர்க்கர்ஸ் கால் போடும்போதே பேட்டில் ஹங்கரையும் எதிரிகள் மேல் ஏற்றியது. தனியாகச் சுற்றுகிற ஆக்ஸா, அணியோடு முன்னால் குதிக்கிற ஆக்ஸா என்று கேட்காமல் இந்த இரண்டில் எது சிறந்தது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. மேக்னஸுக்கு எதிரிகளை இழுப்பதற்குப் பதில் தள்ளிவிடுகிற வடிவம் ஒன்று வந்தபோது வால்வ் கிண்டலுக்குச் செய்தது என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். நம் கேரியைச் சுற்றி நான்கு பேர் மொய்க்கும் அணிக்கு எதிராக ஆடிப் பார்த்தால் கிண்டல் குறையும் என்பது என் கணிப்பு. எல்லா ஃபேசட்டுக்கும் இப்படி ஒரு வக்கீல் கிடைப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். சிலது எந்த டிராஃப்டிலும் தேறாது, அவற்றுக்காக நான் வாதாடப் போவதில்லை.

டைம் ஸோனுக்கு என் கணக்கு இதுதான். நம் அணியில் வாய்டைத் தவிர அருகில் போய் அடிக்கிறவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். எதிரே பிளிங்க் மாதிரி தாவி ஓடும் ஸ்பெல் பிறவியிலேயே உள்ளவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. மைக்கில் யாரும் பேசவில்லை என்றால் அது மூன்றாவது காரணம். இரண்டாவது கட்டாயம்; அதோடு மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தால் டைம் ஸோன். ஸ்கைரெத்தோ விட்ச் டாக்டரோ நம் பக்கம் வந்து, எதிரே பக்கும் வீவரும் உட்கார்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், க்ரோனோதான். போடும்போது உர்ஸா எங்கே நிற்கிறான் என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.